ஓடும் யந்திரங்கள் – 14: ஹெட் மாற்றும் வித்தை

சென்ற வாரம் கார்புரேட்டரைப் பற்றிச் சொல்லி நிறுத்தியபோது, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை சிலிண்டரின் வாசல்வரை வந்து நின்றது. அந்த வாசலைத் திறந்து அடைப்பவை வால்வுகள். எந்தக் கணத்தில் திறப்பது, எவ்வளவு திறப்பது, எப்போது அடைப்பது என்று வால்வுகளுக்குக் கட்டளையிடுவது கேம் ஷாஃப்ட். இவ்விரண்டையும், எரியறையின் மேற்கூரையையும், தண்ணீரும் எண்ணெயும் ஓடும் துவாரங்களையும் தன்னகத்தே வைத்துக்கொண்டு எஞ்சினின் உச்சியில் அமர்ந்திருப்பது சிலிண்டர் ஹெட். ஒரு வண்டியின் ஹெட்டையும் கேமையும் கழற்றி, அதே வம்சத்தைச் சேர்ந்த இன்னொரு வண்டியின் எஞ்சினில் மாட்டலாமா என்பது, பொழுதுபோக்காக மோட்டார் சாஸ்திரம் படிப்பவர்களைக் காட்டிலும் திருப்பூர் வட்டாரத்து வேன்காரர்களுக்கு மிகவும் நெருக்கமான கேள்வி.

அதற்குக் காரணம் இந்த ஊர்த் தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது. நூல் ஓரிடத்திலும், நிட்டிங் மற்றோரிடத்திலும், சாயம் வேறோரிடத்திலும், காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயனிங் என்று ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு தெருவிலுமாகச் சிதறிக் கிடப்பதால், ஒரு பனியன் பெட்டிக்குள் போவதற்கு முன்னால் அதன் துணி ஊரையே பிரதக்ஷிணம் செய்துவிடுகிறது. அந்தப் பிரதக்ஷிணத்தை வெகுகாலம் சுமந்தது ஆம்னி வேன். 1983 டிசம்பரில் மாருதி 800 காரும், மறு வருஷம் மாருதி வேனும் வந்தன. பின்னால் ஆம்னி என்று பெயர் பெற்ற அந்த வேனுக்கும் காருக்கும் எஃப்8பி என்ற ஒரே எஞ்சின்தான் இருதயம். மூன்று சிலிண்டர், 68.5 மில்லிமீட்டர் விட்டம், 72 மில்லிமீட்டர் ஓட்டம், மொத்தம் 796 சிசி. 800 கார் 2014 ஜனவரியிலும், ஆம்னி 2019இலும் உற்பத்தி நின்றுபோயின. ஆனாலும் ஓடிக்கொண்டிருக்கும் வேன்கள் நின்றுவிடவில்லை. பழைய கார்களின் உறுப்புகள் அவற்றுக்கு ஆயுள் தானம் செய்துகொண்டிருக்கின்றன.

இங்கே ஹெட்டுகள் கெடுவதற்கும் ஒரு விசேஷ காரணம் உண்டு. நொய்யல் ஆற்றுப் படுகையில் சாயக் கழிவு சேர்ந்த கதை தமிழ்நாடு அறிந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடும்படி உத்தரவிடும் அளவுக்கு அது முற்றியது. அந்தக் கழிவின் உப்பு இன்னமும் நிலத்தடி நீரில் இருக்கிறது. அவசரத்தில் கூலண்டுக்குப் பதிலாக போர் தண்ணீரைப் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றி விடுகிறார்கள். உப்பும் சுண்ணாம்பும் படிந்து தண்ணீர்ப் பாதைகள் குறுகுகின்றன. அலுமினிய ஹெட்டின் அடிமுகத்தில், தண்ணீர்த் துவாரங்களின் ஓரங்கள் செல்லரித்ததுபோல் அரித்துப் போகின்றன. ஆம்னியின் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் பெட்டிக்குள் வைத்ததுபோல் இருப்பதால், சூடு ஏறுவதை ஓட்டுகிறவர் உணர்வதற்குள் ஹெட் கோணிவிடுகிறது. நேர்கோடான இரும்புச் சட்டம் ஒன்றை ஹெட்டின் முகத்தில் குறுக்காக வைத்து, இடையில் 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் நுழைந்துவிட்டால், அந்த ஹெட் கேஸ்கெட்டைப் பிடிக்காது என்று பொருள். தலைமயிரின் கனத்துக்கும் குறைந்த அந்த இடைவெளிதான், நெருக்கடியான ஷிப்மெண்ட் நாளில் துணிக்கட்டுகளோடு ஒரு வேனை நடுரோட்டில் நிறுத்திவிடுகிறது.

எந்த ஹெட் எதற்குச் சேரும் என்று பார்க்கும்போது பெயரை நம்பி இறங்கக்கூடாது என்பது முதல் பாடம். பழைய ஜிப்ஸியிலும் மாருதி 1000 காரிலும் வந்த எஃப்10ஏ, எஃப்8பியின் உடன்பிறப்புதான். ஓட்டம் அதே 72 மில்லிமீட்டர். ஆனால் விட்டம் 65.5 ஆகச் சுருங்கி, சிலிண்டர் நான்காகி, 970 சிசி ஆகிறது. ஜென் காரின் ஜி10பியும் எஸ்டீமின் ஜி13 எஞ்சினும் ஒரே ஜி வம்சம். முன்னதற்கு 72 விட்டமும் 61 ஓட்டமும், பின்னதற்கு 74 விட்டமும் 75.5 ஓட்டமும். கணக்குப் போட்டால் ஒரு சிலிண்டருக்கு முறையே 248 சிசி, 325 சிசி. சிறிய சிலிண்டரின் கலவையை ஒன்பதில் ஒரு பங்காக அழுத்துவதற்கு, மேலே 31 சிசி இடம் போதும். அதே 31 சிசி இடத்தைப் பெரிய சிலிண்டரின் தலைமேல் வைத்தால் அழுத்த விகிதம் பதினொன்றரையை எட்டிவிடும். சாதாரண பெட்ரோல் அவ்வளவு நெருக்கடியைத் தாங்காமல் தானாகப் பற்றிக்கொள்ளும். எஞ்சின் ‘நாக்’ அடிக்கும். நாளடைவில் பிஸ்டன் பொரிந்து போகும். போல்ட்டுத் துவாரங்கள் ஒத்துப்போவதை வைத்து மாத்திரம் பொருத்தம் பார்க்கிறவர்களுக்கு இந்த அபாயம் கண்ணில் படுவதேயில்லை.

வம்சம் ஒன்றாக இருந்தும் பிளாக்கையே செதுக்க வேண்டி வந்த பிரசித்தமான உதாரணம் இங்கிலாந்தில் உண்டு. 1959இல் வெளிவந்த மினி காரின் ஏ–சீரிஸ் எஞ்சினில், 998 சிசி பிளாக்கின் மேல் 1275 சிசி எஞ்சினுக்கான பெரிய ஹெட்டை மாட்டி வலு கூட்டுவது அந்நாட்டுப் பட்டறைகளில் இன்றைக்கும் வழக்கம். 1275இன் விட்டம் 70.6 மில்லிமீட்டர், 998இன் விட்டம் 64.6தான். ஹெட் பிளாக்கின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்ளும்; ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு இறங்கும்போது சிலிண்டருக்குள் போகாமல் பிளாக்கின் விளிம்பில் போய் இடிக்கும். ஆகையால் வால்வு இறங்குமிடத்தில் பிளாக்கில் ஒரு சிறு பள்ளம் கடைந்த பிறகுதான் அங்கே எஞ்சினைச் சுழற்றுவார்கள்.

நம் ஊருக்குத் திரும்புவோம். பல்லடம் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில், விபத்தில் சிக்கிய 800 காரிலிருந்து கழற்றிய ஹெட் ஒன்றை ஆம்னிக்கு மாட்டும் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். மேஜைமேல் ஹெட் குப்புறக் கிடந்தது. மெக்கானிக் வால்வுகளின் விளிம்பில் கிரீஸ் தடவி அமர்த்தினார். ஸ்பார்க் பிளக்குகளை முடுக்கினார். நடுவில் சிறு துளையிட்ட கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகட்டை எரியறைக் குழியின் வாய்மேல் கிரீஸ் பூசி ஒட்டினார். பிறகு, சாய ஆலை லேபில் கலர் பார்ப்பதற்காக வைத்திருந்து கழித்துக் கட்டிய பியூரெட் ஒன்றில் மண்ணெண்ணெயை நிரப்பி, சொட்டுச் சொட்டாக அந்தத் துளை வழியே இறக்கினார். தகட்டுக்கடியில் கடைசிக் காற்றுக்குமிழி ஒதுங்கி மறைந்ததும் குழாயை மூடி அளவைப் படித்தார். மூன்று குழிகளும் முடிந்த பின் அவர் முகம் சுருங்கியது. “பாருங் சார், நடுக்குழியில ரெண்டு சிசி கம்மியா நிக்குதுங்க. முன்னால யாரோ ஆர்கன் வெல்டிங் வெச்சு அரிப்ப அடச்சிருக்காங்க. அந்த மேட்டத் தேச்செடுக்காம மாட்டுனா மூணு சிலிண்டரும் ஒண்ணா இழுக்காதுங்க” என்றார். கையளவு கிரைண்டரில் சிறு கல்லைப் பொருத்தி மேட்டைச் சிறிது சிறிதாகத் தேய்ப்பதும், துடைப்பதும், மறுபடி மண்ணெண்ணெய் விட்டு அளப்பதுமாகப் பொழுது சாய்ந்தது.

இரண்டு சிசிக்கு இத்தனை பிரயத்தனமா என்று கேட்பவர்கள் ஒரு சிறு கணக்கைப் பார்க்க வேண்டும். எஃப்8பியின் ஒரு சிலிண்டர் 265 சிசி. பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் அதன் தலைக்குமேல், குழியும் கேஸ்கெட்டின் கனமும் சேர்ந்து, 34 சிசி மிஞ்சுவதாகக் கொண்டால் அழுத்த விகிதம் 8.8. அந்த 34 என்பது 31 ஆனால் விகிதம் 9.5க்கு மேல் ஏறும். 37 ஆனால் 8.2க்கு இறங்கும். கோணிய ஹெட்டை நேராக்குவதற்காக லேத் பட்டறையில் ‘ஃபேஸ்’ அடிக்கும்போது கால் மில்லிமீட்டர் சீவினாலே ஏறக்குறைய ஒரு சிசி போய்விடுகிறது. ஹெட் அவ்வளவு தாழ்ந்ததும் கேம் ஷாஃப்ட் கிராங்குக்கு அத்தனை சமீபத்தில் வந்து, டைமிங் பெல்ட்டின் இழுப்புப் பக்கம் நெகிழ்ந்து, வால்வு திறக்கும் வேளையும் சற்றே பின்தள்ளிப் போகிறது.

கேமின் தர்மத்தைத் திருப்பூரில் எவருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வட்ட நிட்டிங் மிஷினில் ஊசிகள் ஏறி இறங்குவது கேம் வெட்டிய பாதையில்தான். ஃபிட்டர் சில ஃபீடர்களில் நிட் கேமை எடுத்துவிட்டு டக் கேமைப் போட்டால், அதே நூலும் அதே ஊசியும் சிங்கிள் ஜெர்ஸியை விட்டுப் பிக்கே துணியை இறக்கும். எஞ்சினிலும் அவ்வாறே, கேமின் மேட்டை உயர்த்தியும் அகலப்படுத்தியும் வெட்டினால், உறுப்புகள் மாறாமலே சுபாவம் மாறும். வேகமாகச் சுழலும் எஞ்சினில் உள்ளே பாயும் காற்றுக்கு ஓர் உந்துதல் இருப்பதால், பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் வால்வைச் சிறிது நேரம் திறந்துவைத்தால் கலவை இன்னும் நிறைய நுழையும். மெதுவாகச் சுழலும் எஞ்சினில் அதே தாமதம், நுழைந்த கலவையைத் திரும்ப வெளியே தள்ளிவிடும். எனவே பந்தயக் கேம் பந்தய வேகத்தில் சிறக்கும். குறைந்த வேகத்தில் திணறும்.

பந்தயம் என்றதும் அண்டை நகரமான கோவையை நினைக்காதிருக்க முடியாது. லக்ஷ்மி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த கரிவரதன், எண்பதுகளின் இறுதியில், எளிய மாருதி 800 எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்ற அந்தக் கார்களில் பழகிய தலைமுறையிலிருந்துதான், 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன் வந்தார். 1995இல் விமான விபத்தில் கரிவரதன் மறைந்தார். 2003இல் செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட ஓட்டக்களம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. பஞ்சாலை வளர்த்த லேத்தும் ஃபவுண்டரியும் இல்லாதிருந்தால் அந்த முயற்சி இந்த மண்ணில் வேர் பிடித்திருக்காது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்தக் களத்தைப் பார்த்துவிட்டு வரும் இளைஞர்களுக்கு ஓர் ஆசை பிறக்கிறது: ஆல்டோவில் வந்த எஃப்8டி எஞ்சினும் இதே 796 சிசிதானே, விட்டமும் ஓட்டமும் அதேதானே, அதன் பன்னிரண்டு வால்வு ஹெட்டை நம் ஆறு வால்வு வேனுக்கு ஏற்றினால் என்ன? பிஸ்டன் தலையின் வடிவம், துவாரங்களின் ஒழுங்கு ஆகியவற்றைத் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, கார்புரேட்டர் வண்டியின் பெட்ரோல் பம்ப்பைத் தட்டி இயக்குவதே கேம் ஷாஃப்ட்டிலுள்ள தனி மேடு. ஆல்டோ போன்ற, பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வண்டிக்குப் பம்ப் டேங்குக்குள் மின்சாரத்தில் ஓடுவதால் அந்த மேட்டுக்கு அவசியமில்லை. இவற்றையெல்லாம் சரிக்கட்டினாலும் கிடைக்கும் லாபம் எவ்வளவு? 800 காரின் எம்பிஎஃப்ஐ எஞ்சின் சுமார் 37 குதிரைத்திறன் தந்தது. ஆல்டோவினுடையது சுமார் 46, அதுவும் நிமிஷத்துக்கு 6200 சுற்றில். வண்டியை நின்ற இடத்திலிருந்து இழுக்கும் டார்க்கைப் பார்த்தாலோ, முன்னதற்கு 2500 சுற்றில் 59 நியூட்டன் மீட்டர்; பின்னதற்கு 3000 சுற்றில் 62. ஈரத்துணி ஏற்றிக்கொண்டு, ஊத்துக்குளி ரோட்டு நெரிசலில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்கிற வேன், 6200 சுற்றை என்றைக்குக் காணப்போகிறது? வேனுக்கு வேனின் கேமே உசிதம். பழைய ஹெட் போய்விட்டால், அதே எஃப்8பியின் நல்ல ஹெட்டை, அதே வகைக் கேமோடு சேர்த்து, கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் ராக்கரும் பிரியாமல் ஜோடியாக எடுத்து மாட்டுவதே முறை. ஒன்றோடொன்று உராய்ந்து பழகிய கேமையும் ராக்கரையும் கலந்து போட்டால் இரண்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

எவ்வளவு சாமர்த்தியசாலியானாலும் எஞ்சினையே பெரிதாக மாற்றிவிட்டுப் பதிவுச் சான்றிதழில் பழையதை வைத்துக்கொள்ள 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் கொடுப்பதில்லை. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதை அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது.

மாட்டும்போது ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, ஒரே மூச்சில் முறுக்காமல் படிப்படியாக, டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். கேம் மாறியிருந்தால், பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டிக் கையால் சுழற்றி, பிறகு கழற்றி, வால்வு பதிந்த இடத்தில் களிமண்ணின் கனத்தை அளக்க வேண்டும். இன்லெட் பக்கம் 2 மில்லிமீட்டரும், சூட்டில் அதிகம் நீளும் எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மில்லிமீட்டரும் இருப்பது க்ஷேமம். டைமிங் குறிகளை நேர்ப்படுத்திப் பெல்ட்டைப் பூட்டிய பின்னும், சாவியைத் திருகிவிடாமல், கிராங்கில் ஸ்பானரைப் போட்டு இரண்டு முழுச் சுற்று கையாலேயே சுற்றிப் பார்க்கிறார் பல்லடம் ரோட்டு மெக்கானிக். எங்கேயாவது இடித்தால் கைக்குத் தெரியும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் தெரியாது. அதற்குப் பிறகே கம்ப்ரெஷன் கேஜை மூன்று சிலிண்டரிலும் வைத்துப் பார்த்து, மூன்று முள்ளும் ஏறத்தாழ ஓரிடத்தில் நின்றால் வேனை உரியவரிடம் ஒப்படைக்கிறார். அடுத்த வாரம், அந்த வலுவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கியர் பாக்ஸ்.