வரப்பைத் தாண்டும் வண்டி

மாலை நேரம். மேற்கே செவ்வானம். நடவு முடிந்துவிட்டது. சேறு அப்பிய டிராக்டர், வயலைவிட்டு ஏறி, வரப்பைத் தாண்டி, வண்டிப்பாதையில் குலுங்கி, தார்ச்சாலைக்கு வருகிறது. பின்னால் டிரெய்லர். அதிலே பன்னிரண்டு பெண்கள். இடுப்பு ஒடிய நாற்று நட்டவர்கள், என்றாலும் இன்முகம் மாறாதவர்கள். டிரைவருக்கு இருபுறமும் மட்கார்டின்மீது இரண்டு இளைஞர்கள், குதிரையேறிய கோமகன்களைப் போல!

பார்ப்பதற்கு இனிய காட்சிதான். பாடுபட்டவர் பாதம் நோகாமல் வீடு திரும்புகிறாரே என்று மனம் மகிழும் காட்சிதான். ஆனால் தோழர்களே, அந்தக் காட்சியைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. வண்டியிலே இருப்பவர் பதினைந்து பேர். கல்லிலே சக்கரம் ஏறி, வாய்க்காலிலே வண்டி சாய்ந்தால் - சாயவேண்டாம், சாய்ந்துவிட்டால் - உரிமையாளர் வீட்டுப் பீரோவிலே பத்திரமாக இருக்கிறதே இன்ஷ்யூரன்ஸ் பத்திரம், அது இந்தப் பதினைந்து பேரில் எத்தனை பேருக்குத் துணை நிற்கும்?

"எல்லோருக்குந்தான்! இல்லாவிட்டால் எதற்குப் பணம் கட்டுகிறேன்?" என்பார் உரிமையாளர்.

அப்படித்தான் நினைக்கிறார். நினைப்பு வேறு, பத்திரத்திலே அச்சாகி இருப்பது வேறு. அந்த வேற்றுமையிலேதான் எத்தனையோ குடும்பங்களின் வாழ்வு வழுக்கி விழுகிறது.

இன்னும் சிலர் உண்டு. பத்திரமே எடுக்காதவர்கள். அவர்களிடம் பேசிப் பாருங்கள்.

"பெரியவரே, வண்டிக்கு இன்ஷ்யூரன்ஸ் உண்டா?"

"எதுக்குத் தம்பி? நான் என்ன லாரியா ஓட்டுறேன்? என் வண்டி, என் நிலம், என் உழவு. வண்டி ஊரைத் தாண்டுறதே இல்லை."

"வீட்டிலிருந்து வயலுக்கு எப்படிப் போகிறது?"

"ரோட்டு வழியாத்தான்."

அங்கேதான் இருக்கிறது விஷயம்! ஊரைத் தாண்டவில்லை, உண்மை. ஆனால் வரப்பைத் தாண்டுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பொது இடத்திலே ஓடும் எந்த மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்ஸ் இருந்தே தீரவேண்டும் என்று 146-ஆம் பிரிவிலே கூறுகிறது. பொது இடம் என்றால் நெடுஞ்சாலை மட்டும் அல்ல. பொதுமக்களுக்கு நடந்து செல்லும் உரிமையுள்ள எந்த வழியும் பொது இடந்தான். ஒரு மைல் ஓடினாலும் ஓட்டம். பத்தடி கடந்தாலும் ஓட்டம். பத்திரம் இல்லாமல் ஓட்டினால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி, முதல் தடவைக்கு 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த தடவை அபராதம் 4,000 ரூபாய்.

"சர்க்காருக்கு வேலையில்லை, சம்சாரியைப் பிடித்து வாட்டுகிறது" என்று சலித்துக் கொள்ளவேண்டாம். இந்தக் கட்டாயம் யாருக்காகப் பிறந்தது? வண்டி வைத்திருப்பவனுக்காக அல்ல, வண்டி இல்லாதவனுக்காக! பிரிட்டனிலே 1930-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இந்தக் கட்டாயத்தைக் கொண்டு வந்தது. இந்தியாவிலே 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலே இடம்பெற்று, 1946 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. சாலையோரம் நடந்து போகிறான் ஒரு ஏழை. சைக்கிளிலே பால் கொண்டு போகிறான் இன்னொருவன். அவன்மீது வண்டி ஏறிவிட்டால், "என்னிடம் பணமில்லை, என்ன செய்யட்டும்?" என்று வண்டிக்காரன் கைவிரித்துவிடக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது. வயல் டிராக்டர் என்பதால் அதன் சக்கரம் பஞ்சாகிவிடுமா? ஏறினால் எலும்பு முறியாதா?

சரி, பத்திரம் எடுத்தாகிவிட்டது என்று வைத்துக் கொள்வோம். எந்தப் பத்திரம்? அதையல்லவா கேட்கவேண்டும்!

மூன்றாம் நபர் பத்திரம் என்று ஒன்று. முழுப் பத்திரம் என்று மற்றொன்று. முன்னது, உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் இழப்புக்கு. உங்கள் வண்டிக்கு நேரும் இழப்புக்கு அதிலே ஒரு செல்லாக்காசும் கிடையாது. 2018 நவம்பரிலே கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி, தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டைப் பகுதிகளிலே தென்னையைச் சாய்த்ததே, மறந்திருக்க முடியாது. அப்படிச் சாய்கிற மரம் கொட்டகையிலே நிற்கும் டிராக்டர்மீது விழுந்தால், மூன்றாம் நபர் பத்திரம் வைத்திருப்பவர் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். முழுப் பத்திரம் வைத்திருந்தால் புயலுக்கும், வெள்ளத்துக்கும், தீக்கும், திருட்டுக்கும், மோதலுக்கும் ஈடு கேட்கலாம்.

அந்த முழுப் பத்திரத்திலும் கணக்கு உண்டு. வண்டி முழுதும் அழிந்தால் வாங்கிய விலை கிடைக்காது. பத்திரத்திலே குறித்துள்ள மதிப்புத்தான் கிடைக்கும். எட்டு லட்ச ரூபாய் விலையுள்ள வண்டி என்று கொள்வோம். வழக்கமான தேய்மானக் கணக்குப்படி, இரண்டு ஆண்டு கடந்து மூன்றாம் ஆண்டு நடக்கும்போது நூற்றுக்கு 30 கழியும், மதிப்பு 5,60,000. ஐந்தாம் ஆண்டிலே பாதி கழியும். மதிப்பு நான்கு லட்சம். அதற்குப் பிறகு நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்யும் மதிப்பு. பிரிமியம் குறைகிறதே என்று மகிழ்ந்து மதிப்பைக் குறைத்து எழுதிக்கொள்பவர், நாளை நட்டஈடும் குறையும் என்பதை இன்றே அறிந்துகொள்வது நல்லது. உழுது உழுது எஞ்சின் தேய்ந்தது, கியர் பல் உடைந்தது என்பதற்கெல்லாம் இன்ஷ்யூரன்ஸ் இல்லை. அது மெக்கானிக் கணக்கு!

இனி, டிரெய்லர். டிராக்டரின் வால் போலத்தானே அது என்று எண்ணுகிறோம். சட்டமோ அதைத் தனி வாகனமாகக் காண்கிறது. தலைக்கு ஒரு பத்திரம் இருந்தால் வாலுக்கும் சேர்ந்துவிடும் என்று எண்ணியவர் எவ்வளவு துன்பப்பட்டார் என்பதற்கு உச்சநீதிமன்றத்திலே 2007-ஆம் ஆண்டு வந்த தீர்ப்பு ஒன்றே போதும். செங்கற்சூளைக்கு மண் ஏற்றிச் சென்ற டிரெய்லரிலிருந்து விழுந்தார் ஒரு தொழிலாளி. டிராக்டருக்குப் பத்திரம் இருந்தது; டிரெய்லருக்கு இல்லை. பத்திரம் எடுத்தது விவசாய வேலைக்கு; வண்டி ஓடியதோ சூளை வேலைக்கு. கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்றது நீதிமன்றம். ஆனால் அடிபட்டவர் ஏழைத் தொழிலாளி. ஆகவே, "முதலிலே பணத்தைக் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக் கொள்" என்று கம்பெனிக்குக் கட்டளையிட்டது.

தொழிலாளிக்கு நீதி கிடைத்தது, நன்று. ஆனால் அந்த "வசூலித்துக் கொள்" என்ற சொல்லிருக்கிறதே, அதன் பொருள் என்ன தெரியுமா? உரிமையாளரின் நிலம், வீடு, நகை! பத்திரம் எடுத்திருந்தும் பத்திரமில்லாதவர் ஆனார் அவர்!

மட்கார்டின்மீது அமர்ந்த கோமகன்களுக்கு வருவோம். டிராக்டரிலே இருக்கை எத்தனை? ஒன்று! அது ஓட்டுபவருக்கு. மற்ற எவர் ஏறினாலும், அவர் பத்திரத்துக்கு வெளியே ஏறுகிறார். 2018-ஆம் ஆண்டிலே, ஒருவரே அமரக்கூடிய டிராக்டரில் ஏறிச்சென்று அடிபட்டவரின் வழக்கிலும் உச்சநீதிமன்றம் இதையே கூறிற்று: கம்பெனி பொறுப்பல்ல, கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும். ஒவ்வொரு வழக்கிலும் இந்த இரக்கம் கிட்டும் என்று எவரும் உறுதி கூற முடியாது. கிட்டாவிட்டால், விதவையின் கையிலே ஒரு தீர்ப்பு நகல் இருக்கும். உலையிலே அரிசி இராது.

எனவே, முதலிலே நான் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். அந்தப் பதினைந்து பேரில் பதினான்கு பேர் பத்திரத்தின் நிழலுக்கு வெளியே இருக்கிறார்கள். ஓட்டுபவர் ஒருவருக்கு இடம் உண்டு. அதுவும் கேட்டு வாங்கியிருந்தால்! உரிமையாளரே ஓட்டினால், 15 லட்ச ரூபாய்க்குச் சொந்த விபத்துக் காப்பு எடுத்துக்கொள்ள 2018-லே வழி வகுக்கப்பட்டது. அதற்கும் செல்லத்தக்க லைசென்சு கையிலே இருக்கவேண்டும். சம்பளத்துக்கு ஒருவர் ஓட்டினால், அவருக்கான பொறுப்புப் பத்திரத்திலே எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வண்டியோடு வேலை செய்யும் ஆட்களுக்கும் கூடுதல் பிரிமியம் கட்டிப் பொறுப்பைச் சேர்க்க வழியுண்டு. டீசல் ஊற்றக் காசு இருக்கிறது. டிரைவரின் உயிருக்கு ஊற்றக் காசு இல்லையா?

லைசென்சு என்றேன். டிராக்டருக்கு லைசென்சு வைத்திருப்பவர், டிரெய்லர் பூட்டி ஓட்டினார் என்பதற்காக லைசென்சு இல்லாதவர் ஆகிவிடமாட்டார் என்று 2001-லேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது வேறு. "எங்க பையன் பதினாலு வயசிலேயே சூப்பரா ஓட்டுறான்" என்று மார்தட்டும் தந்தையரே! 18 வயது நிரம்பாத பிள்ளை சாலையிலே ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி, காப்பாளரோ உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். இன்ஷ்யூரன்சும் கைவிடும். குடித்துவிட்டு ஓட்டினாலும் அதே கதிதான்.

பழைய வண்டி வாங்குவோருக்கும், விற்போருக்கும் ஒரு சொல். பணம் கைமாறியதும் வியாபாரம் முடிந்ததாக எண்ணுகிறோம். ஆர்.சி. புத்தகத்திலே பெயர் மாறாதவரை முடியவில்லை. பதிவேட்டிலே எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-லே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டி எவரிடமோ ஓடும். வழக்கு உங்கள் வாசலுக்கு வரும்! வாங்கியவரோ 14 நாட்களுக்குள் இன்ஷ்யூரன்சைத் தன் பெயருக்கு மாற்றும்படி கம்பெனிக்கு எழுதவேண்டும். பாங்குக் கடன் உள்ளவரை பாங்கே பத்திரத்தை நினைவூட்டும். கடன் தீர்ந்த மகிழ்ச்சியிலே பத்திரத்தையும் மறந்துவிடுவோர் பலர். கடன் தீர்ந்தால் வண்டி உங்களுடையது. ஆபத்தும் முழுக்க முழுக்க உங்களுடையது!

உரிமையாளர் தோழருக்கு நான் சொல்வது இதுதான். இன்றே பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுங்கள். தேதி கடந்துவிட்டதா? டிரெய்லரின் எண் அதிலே இருக்கிறதா? என்ன உபயோகத்துக்கு என்று எழுதியிருக்கிறது? டிரைவருக்கும் ஆட்களுக்கும் பொறுப்பு சேர்ந்திருக்கிறதா? மதிப்பு எவ்வளவு? வாடகைக்கு ஓட்டுவதாக இருந்தால் அதை ஒளிக்காமல் ஆபீசிலே கூறி, எழுத்திலே சேர்த்துக்கொள்ளுங்கள். ஏஜெண்டின் வாய்ச்சொல் வழக்கு மன்றத்திலே நிற்காது, எழுத்துத்தான் நிற்கும்.

உழைக்கும் தோழருக்கு நான் சொல்வது: மட்கார்டு இருக்கையல்ல, மண்ணுக்கு மறைப்பு. அதிலே ஏறாதீர்கள். வேலைக்கு அழைக்கும்போதே, "போகவர என்ன ஏற்பாடு?" என்று கேளுங்கள். கூலி கேட்பது எப்படி உரிமையோ, உயிருக்குப் பாதுகாப்புக் கேட்பதும் அப்படியே உரிமை. ஏதேனும் நேர்ந்துவிட்டால், ஊர்ப் பெரியவர் பேச்சைக் கேட்டு ஐயாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் கையெழுத்திட்டு விடாதீர்கள். போலீசிலே பதிவு செய்யுங்கள். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்திலே, நீங்கள் குடியிருக்கும் எல்லையிலேயே, மனுப்போடலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் உதவி உண்டு. டிரெய்லரிலே போகும் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் உண்டு.

படிப்பகத்திலே, டீக்கடையிலே, சலூனிலே பத்திரிகையை உரக்கப் படித்து, படிக்கத் தெரியாதவருக்கும் உலகத்தைக் காட்டியவர்கள் நம் தோழர்கள். அந்தக் குரலிலே, இந்த வாரம், ஊரிலே உள்ள டிராக்டர் ஒவ்வொன்றின் பத்திரத்தையும் ஒரு முறை உரக்கப் படித்துக் காட்டுங்கள். உரிமையாளரும் கேட்கட்டும், உழைப்பாளியும் கேட்கட்டும். இருவரும் ஒரே வண்டியிலேதான் வரப்பைத் தாண்டுகிறார்கள்.

கலப்பையை மாட்டுமுன் கொக்கியைச் சரிபார்க்கிறோம். சாலையிலே ஏறுமுன் பத்திரத்தைச் சரிபார்ப்போம். கொக்கி கழன்றால் டிரெய்லர்தான் தனியே நிற்கும். பத்திரம் பொய்த்தால் குடும்பமே தனியே நிற்கும்!