உங்களுக்குத் தெரியுமா? வௌவாலை வரவழைக்கும் மரங்கள்

தேக்காவில் டவுன்டவுன் ரயிலேறி பியூட்டி வோர்ல்டில் இறங்கினால், புக்கிட் தீமா காடு நடந்துபோகும் தூரம்தான். ஆனால் சிங்கப்பூரில் இப்படிக் காடாக இருந்த நிலத்தின் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டில் காம்பியர், மிளகுத் தோட்டமானது. காம்பியர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டுமே, அதற்குப் பக்கத்துக் காடும் போனது. மண் சோர்ந்ததும் தோட்டக்காரர்கள் வேறிடம் பார்த்துக் கிளம்பிவிட்டார்கள்.

அப்படி விட்டுப்போன மண்ணில் துணிந்து வேர்விட்ட உள்ளூர் மரம், மலாய்க்காரர்கள் சொல்லும் ‘தியுப் தியுப்’. புளித்துப்போன, சத்தில்லாத மண்ணே அதற்குப் போதும். ஆண்டு முழுக்கப் பூக்கும், பழுக்கும். பழம் தின்ன வௌவால் வரும். வந்தது சும்மா போகாது. வேறெங்கோ தின்ற பழத்தின் விதைகளையும் எச்சத்தோடு போட்டுவிட்டுப் போகும். யாரும் நடாத செடிகள் அடியில் முளைப்பது இப்படித்தான்.

இப்படி முளைப்பதற்கு ஒரு தடையும் உண்டு, ரெசாம் என்றொரு பெரணி. வெயில் கிடைத்தால் போதும், பாய் பின்னியதுபோல் படர்ந்துவிடும். மேலே விழும் விதை மண்ணைத் தொடாது. வெட்டினாலும் அடித்தண்டிலிருந்து மறுபடி தழைக்கும். ஆனால் நிழல் ஆகாது. மஹாங் போன்ற, மளமளவென்று வளரும் அகன்ற இலை மரங்கள் மேலே கவிந்தால் பெரணி மெலியும், தரையில் ஈரம் தங்கும்.

இந்தச் சூட்சுமத்தையே ஒரு நடவு முறையாக்கினார்கள், 1980களில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில். பிறகு தாய்லாந்தின் சியாங் மாய் பல்கலைக்கழகம் அதை வளர்த்தெடுத்தது. களையை அடக்கி, பறவையை அழைக்கும் உள்ளூர் மரங்களை மட்டும் நட்டால் மற்றவை தாமாக வந்து சேரும். ஒரே நிபந்தனை, விதை கொடுக்கப் பக்கத்தில் பழைய காடு இருக்க வேண்டும்.

எல்லா விதைக்கும் இது செல்லாது. கொண்டைக்குருவியின் சின்ன வாய்க்குப் பெரிய விதை அடங்காது. அதற்கு இருவாச்சி வேண்டும். சிங்கப்பூரில் காணாமலே போயிருந்த அந்தப் பறவை 1994இல் உபின் தீவில் மறுபடி தென்பட்டது. செராயா என்ற மரத்தின் விதையோ, சிறகு இருந்தும் தாய்மரத்தை விட்டு அதிக தூரம் போகாது, சில வாரங்களில் முளைக்கும் திறனையும் இழந்துவிடும். அதைக் கையால்தான் நட வேண்டும், அதுவும் நிழல் வந்த பிறகு.

தேசியப் பூங்காக் கழகம் 2019இல் அறிவித்த திட்டப்படி, பத்தாண்டில் 2,50,000 உள்ளூர் மரங்களும் புதர்களும் நடப்படும். நட்டதை எண்ணுவது சுலபம். நடாமல் முளைத்ததையும் யாராவது எண்ணிச் சொன்னால் நன்றாயிருக்கும்.

பையில் ஐந்து வெள்ளி நோட்டு இருக்கிறதா? பின்பக்கம் பாருங்கள். அங்கே நிற்பது தாவரவியல் பூங்காவின் தெம்பூசு, 1859இல் உருவான பூங்காவைவிட மூத்த மரம். அதன் சின்னப் பழங்களுக்கும் வௌவால்தான் வாடிக்கையாளர்.