புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! பழைய தூண்டில் ரீலுக்கும் ஒரு வரலாறு உண்டு

பெங்களூர் சிக்பேட்டைப் பக்கம் ஞாயிறுதோறும் கூடும் பழைய சாமான் சந்தையில் நடந்து போகிறவர் கண்ணில் என்னதான் படாது? ஓடாத கடிகாரம், மூடியில்லாத கூஜா, கண்ணாடி உடைந்த அரிக்கேன் விளக்கு... இவற்றின் நடுவே என்றைக்காவது உள்ளங்கை அகலத்தில், கறுத்துப்போன ஒரு வட்டச் சக்கரம் அகப்படலாம். ஓரத்தில் சிறு கைப்பிடி; சுற்றினால் ‘கிர்... கிர்...’ என்று சத்தம்.

குழந்தைகள் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். பித்தளை என்று கண்டால் எடைக்கு வாங்கி உருக்கி விடுகிறவர்களும் உண்டு. ஆனால் அது தூண்டில் ரீல். நூறாண்டுக்கு முன் ஒரு தொழிலாளி கையால் கடைந்து, அரத்தால் தேய்த்துப் பொருத்திய நுட்பமான இயந்திரம். உலகின் பல நாடுகளில் இத்தகைய ரீல்களைத் தேடிச் சேர்ப்பதையும், பழுது பார்த்து ஓடவைப்பதையும் வாழ்நாள் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

கடிகாரக்காரர் கைவேலை

நம் ஊர் ஆற்றங்கரையில் மூங்கில் கம்பும் நூலும் முள்ளும் இருந்தால் போதும், கெண்டை பிடித்து விடலாம். ஆனால் பெரிய மீன் கடித்து இழுத்துக்கொண்டு ஓடினால்? நூல் அறும், அல்லது கம்பு முறியும். மீன் இழுக்கும்போது நூலை விட்டுக் கொடுக்கவும், அது களைத்ததும் சுற்றி இழுக்கவும் ஒரு சக்கரம் தேவை. அதுதான் ரீல்.

இது மேலைநாட்டார் மட்டுமே கண்ட பொருளும் அல்ல. சீன ஓவியர் மா யுவான் 1195-ஆம் ஆண்டையொட்டி வரைந்த ஓவியத்தில், தனிப் படகில் அமர்ந்து மீன் பிடிப்பவரின் கம்பில் ரீல் தெளிவாகத் தெரிகிறது. இங்கிலாந்தில் 1651-இல் வெளிவந்த தாமஸ் பார்க்கரின் நூலில்தான் முதல் குறிப்பு கிடைக்கிறது.

கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் உருளை பல சுற்றுச் சுற்றும் ‘பெருக்கல் ரீலை’ 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் செய்தவர் ஜார்ஜ் ஸ்னைடர். அவர் தொழில் கடிகாரம் பழுது பார்ப்பது! பல்சக்கரத்தோடு பல்சக்கரம் பேசும் கணக்கு அவருக்கு அத்துபடி.

ஸ்வீடன் நாட்டின் ஆபூ கம்பெனி கதையும் இப்படித்தான். 1921-இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கி, டாக்சி மீட்டர் செய்து வந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் டாக்சி மீட்டர் வியாபாரம் படுத்தது. கையில் இருந்த யந்திரங்களையும் தொழிலாளர்களையும் வைத்து ரீல் செய்யத் தொடங்கினார்கள். 1950-களில் வந்த அவர்களுடைய ‘அம்பாசடர்’ ரீல் உலகப் புகழ் பெற்றது. எச்.எம்.டி. கைக்கடிகாரம் பிறந்த பெங்களூரில், லேத்தும் அரமும் பிடித்துப் பழகிய தமிழர்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது.

ரீல் சேர்ப்பவர்கள் பெரிதும் மதிக்கும் இன்னொரு பெயர் இங்கிலாந்தின் ‘ஹார்டி’. துப்பாக்கி செய்யும் பட்டறையாகத் தொடங்கியவர்கள். 1888-இல் காப்புரிமை பெற்ற இவர்களது ‘பெர்ஃபெக்ட்’ ரீலில் சைக்கிள் சக்கரம்போல பால்ரஸ்கள் உண்டு. பல ரீல்களின் உட்புறத்தில் செய்த தொழிலாளியின் பெயரின் முதலெழுத்துகள் சிறியதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாளி பெயர் வெளியே, தொழிலாளி பெயர் உள்ளே! திறந்து பார்ப்பவர் கண்ணுக்கு மட்டுமே அது தெரியும்.

காவிரிக்கு வந்த விதம்

வெள்ளைக்கார அதிகாரிகளோடு இந்த ரீல்களும் தென்னாட்டுக்கு வந்தன. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய எச்.எஸ். தாமஸ் 1873-இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றித் தனி நூலே எழுதினார். அவர்கள் தேடி வந்தது மஹ்சீர் கெண்டை. பாறைகளுக்கு நடுவே, வேகம் மிக்க நீரில் வாழும் மீன் அது. முள்ளில் சிக்கியதும் ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான அடி ஓடும். அதைத் தாங்காத ரீல் அன்றைக்கே பழைய இரும்பு!

மைசூரில் புலி, சிறுத்தைகளைப் பதப்படுத்தி வைத்துப் புகழ்பெற்ற வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 1946-இல் கபினி ஆற்றில் பிடித்த மஹ்சீரின் எடை 120 பவுண்டு. ஏறத்தாழ 54 கிலோ. தூண்டிலில் பிடிபட்ட மஹ்சீர்களில் மிகப் பெரியதாக இன்றும் சொல்லப்படுவது அதுதான்.

இட்லித் தட்டு உதவும்

சரி, ஒரு பழைய ரீல் கைக்கு வந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிட வேண்டும். குத்துவிளக்கைத் தேய்ப்பது போலப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது! பழைய ஹார்டி ரீல்கள் பலவற்றின் மேல் கருமையான பூச்சு கம்பெனியிலேயே கொடுக்கப்பட்டது. அழுக்கு என்று எண்ணி அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் ரீலின் மதிப்பு போய்விடும். உப்புத்தாள் போட்டால், உள்ளே தொழிலாளி விட்டுச்சென்ற எழுத்தும் அழியும். போன பூச்சைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

அடுத்து, திருகாணி. தலைப்பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூ டிரைவர் இல்லாமல் தொடவே கூடாது. தலை மழுங்கிய ஒரு திருகாணி, முன்பு யாரோ அவசரப்பட்டதற்குச் சாட்சி. இறுகிப் போயிருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இரவு முழுதும் காத்திருப்பது நல்லது. கழற்றும் உறுப்புகளை இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாக வைத்தால், திரும்பப் பூட்டும்போது தடுமாற வேண்டியதில்லை.

பல ரீல்கள் சுற்றாமல் நிற்பதற்குக் காரணம் உடைசல் அல்ல. மெழுகாக இறுகிய பழைய கிரீஸ்தான். உலோக உறுப்புகளை அடுப்பு எரியாத இடத்தில் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து உலர்த்தினாலே பாதி வேலை முடிந்தது. பிறகு அச்சுகளுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, பல்சக்கரங்களுக்கு மெல்லிய கிரீஸ். தேங்காய் எண்ணெய் உதவாது. பெங்களூரின் மார்கழிக் குளிரில் அது உறைந்து போகும், நாளடைவில் பிசினாகும்.

பழைய ரீல்களின் பக்கத்தகடு கறுப்பு எபோனைட்டாக இருந்தால் வெந்நீர் பட விடக் கூடாது. வெயிலிலும் வைக்கக் கூடாது. இரண்டும் அதைப் பழுப்பாக்கிவிடும். பெருக்கல் ரீல்களில் மீனின் ஓட்டத்தைத் தடுக்கும் பிரேக் வாஷர்கள் தோலால் செய்யப்பட்டிருந்தால் புதிதாக வெட்டிப் போடலாம். சிலவற்றில் கல்நார் கலந்த வாஷர் இருக்கக் கூடும். அதைத் தேய்ப்பதும் ஊதுவதும் நுரையீரலுக்கு ஆபத்து.

‘கிர்’ சத்தம் எழுப்பும் சிறு நாக்கும் அதன் ஸ்பிரிங்கும்தான் அடிக்கடி தேய்வன, முறிவன. அசல் உறுப்பு கிடைக்காதபோது எஃகுத் துண்டை அரத்தால் தேய்த்துச் செய்துகொள்ளலாம். ஆனால் பழைய உறுப்பை வீசி விடாமல், காகிதத்தில் மடித்து ரீலோடு வைப்பதே சேகரிப்போர் மரபு.

பராமரிப்பு மிகவும் எளிது. இழுத்துச் சுற்றிய நைலான் நூலை உருளையில் ஆண்டுக்கணக்கில் விட்டால், அது சுருங்கி உருளையையே நெளித்துவிடும். பிரேக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும். அழகான தோல் உறை இருந்தாலும் ரீலை அதற்குள் வைக்காமல் பருத்தித் துணியில் சுற்றி வைப்பதே நல்லது. தோல் ஈரத்தை இழுத்துப் பச்சைக் களிம்பு பிடிக்கச் செய்யும்.

ஆற்றின் சாட்சி

இவ்வளவு பாடும் எதற்காக? மீன் பிடிக்கவா?

காவிரியின் திமில் கொண்ட மஹ்சீரை, 2018-இல் ஆராய்ச்சியாளர்கள் ‘டார் ரேமாதேவி’ என்று அடையாளம் கண்டார்கள். அற்றுப்போகும் பேராபத்தில் உள்ள இனமாக உலகப் பட்டியலிலும் அது இடம் பெற்றது. அணைகள், வெடி வைத்து மீன் பிடித்தல், மணல் கொள்ளை, வேறிடத்து மஹ்சீர் குஞ்சுகளை ஆற்றில் விட்டது ஆகியன காரணமாகச் சொல்லப்படுகின்றன. ராகி உருண்டையை இரையாக வைத்து மஹ்சீர் பிடித்து, பின் ஆற்றிலேயே விட்டுவந்த பீமேஸ்வரி முகாமிலும் அந்த மீன்பிடிப்பு பின்னாளில் நிறுத்தப்பட்டது.

பரணில் கிடக்கும் அந்த ரீலை இனிக் காவிரியில் யாரும் வீசப்போவதில்லை. ஆனால் துடைத்து, எண்ணெய் இட்டு, ஒரு முறை சுற்றிவிட்டால், 54 கிலோ மீன் ஓடிய ஓர் ஆறு இருந்தது என்பதை அந்தச் சத்தம் பேரப்பிள்ளைக்குச் சொல்லும். “இந்த மீன் இப்போது எங்கே, தாத்தா?” என்று அவன் கேட்பான். அந்தக் கேள்வி எழுந்தாலே, ரீலைக் காப்பாற்றியவர் பாடு வீண் போகவில்லை.