வெளுத்துப்போன பில்லும் நிவாரணப் பணமும்

திருகோணமலை நகரில் டிஸ்பென்சரி வைத்திருக்கும் வைத்தியர் ஒருவர் போன வருடம் ஒரு பைலை என் முன்னால் விரித்தார். உள்ளே ஊசி குத்திய பில்கள் முப்பது நாற்பது இருக்கும். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எல்லாம் வெறும் வெள்ளைத் தாள்.

"தம்பி, இது கையுறை வாங்கினது. இது முகக்கவசம். இது கதிரைக்கு நடுவில போட்ட கண்ணாடித் தடுப்பு எண்டு நினைக்கிறன்" என்றார்.

"ஐயா, ஒண்டும் தெரியேல்லையே?"

"வெயில் குடிச்சிட்டுது."

மருந்துக் கடைகளில் சிறு இயந்திரத்திலிருந்து நீண்டு வரும் அந்த வழுவழுப்பான பில் மையால் அச்சாவதில்லை, சூட்டால் அச்சாவது. சூடு எழுதியதைச் சூடே அழித்துவிடும். எங்கள் ஊர் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழ் வைத்த பைல் இரண்டு வருடம் தாங்கினால் அதிசயம். வைத்தியர் 2020 இல் எடுத்த கடனை மறுசீரமைக்கப் போனபோது, அந்தக் காசு எதற்குச் செலவானது என்று வங்கியில் கேட்டிருக்கிறார்கள். கேட்டதில் பிழை இல்லை. காட்டத்தான் இவரிடம் எதுவும் இல்லை.

பெருந்தொற்றுக் காலத்து உதவிப் பணமும் அதன் விதிகளும் சிறிய மருத்துவ நிலையங்களை எப்படி அலைக்கழித்தன என்பதை விளக்க இந்த வெள்ளைத் தாள்களை விட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

2020 மார்ச் 20 மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. எங்கள் ஊரில் தனியார் வைத்தியம் பெரும்பாலும் மாலை நேரத் தொழில். அரச வைத்தியர்கள் கடமை முடிந்து நாலு மணிக்குப் பிறகுதான் தங்கள் டிஸ்பென்சரிக் கதவைத் திறப்பார்கள். கிண்ணியாவிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் ஆட்கள் வருவது அப்போதுதான். அந்த மாலைகள் ஒரே நாளில் இல்லாமல் போயின. வாடகையும் நம்பர் கொடுக்கிற பிள்ளையின் சம்பளமும் நின்றுவிடவில்லை.

அரசாங்கம் என்ன செய்தது? மார்ச் 23 இல் 'இடுகம' என்ற பெயரில் கொவிட்-19 சுகாதார, சமூகப் பாதுகாப்பு நிதியம் தொடங்கப்பட்டது. அது பொதுமக்களிடமும் நிறுவனங்களிடமும் நன்கொடை திரட்டிய நிதியம். தனியார் வைத்தியரின் நட்டத்தை ஈடுசெய்வது அதன் வேலையல்ல. சிறு நிலையங்களுக்குத் திறந்திருந்த கதவு மத்திய வங்கியின் 'சௌபாக்கியா கொவிட்-19 மறுமலர்ச்சி வசதி'. வருட விற்பனை 100 கோடி ரூபாய்க்குக் குறைந்த, தொற்றால் பாதிக்கப்பட்ட தொழில்களுக்கு 4 வீத வட்டியில் தொழிற்படு மூலதனக் கடன். உச்சவரம்பு இரண்டரைக் கோடி ரூபாய் அல்லது இரண்டு மாதத் தேவை. கட்டி முடிக்க 24 மாதம், அதில் முதல் ஆறு மாதம் சலுகைக் காலம். பெயரில் மறுமலர்ச்சி இருந்தாலும் இது திருப்பிக் கட்ட வேண்டிய கடன். பலர் அதை நிவாரணம் என்றே எண்ணி வாங்கினார்கள்.

இதில் 'தொழிற்படு மூலதனம்' என்ற சொல்தான் விதி. சம்பளம், வாடகை, மின்சாரம், மருந்துக் கொள்முதல் எல்லாம் அதற்குள் அடங்கும். வீட்டுக்கு மேல்மாடி போடுவதும் மகளின் சீதன வளவுக்கு மதில் கட்டுவதும் அடங்காது. ஆனால் டிஸ்பென்சரிக்கென்று தனிக் கணக்கு இல்லாமல், கட்டணமும் கடனும் வீட்டுச் செலவும் ஒரே சேமிப்புப் புத்தகத்துக்குள் போய் வந்தால், எந்த ரூபாய் எங்கே போனது என்று வைத்தியராலேயே சொல்ல முடியாது. தண்ணீரில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பிரித்துத் தரச் சொன்ன கதைதான்.

இந்தச் சிக்கலின் முழு உருவத்தைப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். அங்கே வைத்தியம் பார்க்கும் நம்மவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 2020 மார்ச் 27 இல் அங்கே நிறைவேறிய நிவாரணச் சட்டத்தின் கீழ் மருத்துவச் சேவை வழங்குவோருக்கென்று தனி நிதி உருவானது. தொடக்கத்தில் 100 பில்லியன் டொலர், பின்னர் 178 பில்லியன். கடன் அல்ல, மானியம். ஏப்ரல் 10 இல் முதல் 30 பில்லியனை அனுப்பத் தொடங்கினார்கள். யாரும் விண்ணப்பிக்கவில்லை. முதியோருக்கான அரச காப்புறுதியிலிருந்து 2019 இல் ஒரு கிளினிக் எவ்வளவு பெற்றதோ அந்த விகிதத்தில் பணம் தானாகவே வங்கியில் வந்து விழுந்தது. 90 நாளுக்குள் திருப்பி அனுப்பாவிட்டால் நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம்.

பணம் முந்தி வந்தது, விதி பிந்தி வந்தது. எப்படிக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற அறிவுறுத்தல் 2020 செப்டெம்பரில் வெளியானது. ஒக்டோபரில் மாறியது. 2021 ஜனவரியில் மறுபடி மாறியது, ஜூனில் இன்னொரு தடவை. ஏற்கெனவே செலவழித்துவிட்ட காசுக்கு! அன்றைய விதிப்படி, ஒரு காலப்பகுதியில் பெற்றது மொத்தம் 10,000 டொலருக்கு மேல் என்றால் அறிக்கை கொடுக்க வேண்டும். ஒரு நிதியாண்டில் கூட்டரசுப் பணம் 750,000 டொலரோ அதற்கு மேலோ செலவழித்திருந்தால் தனிக் கணக்காய்வு. ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அறிக்கை கொடுக்காதவர் பணத்தைத் திருப்ப வேண்டும். இதற்காகவே சிறு கிளினிக்குகள் கணக்காளரையும் சட்டத்தரணியையும் பிடித்துக்கொண்டு அலைந்தன. விதிக்கு இணங்க உதவுவதே அங்கே ஒரு தொழிலாகிவிட்டது.

அந்த விதிகளில் இரண்டு எனக்குப் பிடித்தவை. ஒன்று, ஒரே செலவை இரண்டு உதவிகளில் காட்டக் கூடாது. ஊழியர் சம்பளத்துக்கு வேறொரு அரச திட்டத்தில் பணம் பெற்றிருந்தால் அதே சம்பளத்தை இங்கே எழுத முடியாது. மற்றது, கொவிட் நோயாளியிடம் காப்புறுதி வலையமைப்புக்கு வெளியே என்று சொல்லிக் கூடுதல் கட்டணம் அறவிடக் கூடாது. இலங்கையில் நோயாளியின் சட்டைப்பையைக் காக்கும் அந்த வேலையை விலைக் கட்டுப்பாடு செய்தது. 2021 ஓகஸ்டில் தனியார் நிலையங்களில் பி.சி.ஆர். சோதனைக்கு 6,500 ரூபாய், அன்டிஜன் சோதனைக்கு 2,000 ரூபாய் என்று உச்ச விலை வந்தது.

சிறிய வைத்தியரை உண்மையில் சோதித்தது வேறொன்று. அந்த அமெரிக்க நிதியைச் செலவுக்கு மட்டுமன்றி, 'இழந்த வருமானத்துக்கும்' பயன்படுத்தலாம் என்றிருந்தது. ஆனால் இழந்ததை நிறுவ வேண்டும். 2019 இன் உண்மை வருமானத்தோடு ஒப்பிடலாம், முன்கூட்டியே அங்கீகரித்த பாதீட்டோடு ஒப்பிடலாம், அல்லது நியாயமான வேறொரு முறையை விளக்கிக் காட்டலாம். மூன்று வழிக்கும் முன்பு எவ்வளவு வந்தது என்ற எழுத்து வேண்டும்.

இப்போது நம்மூர் டிஸ்பென்சரிக்கு வாருங்கள். நோயாளி வந்ததும் ஒரு மட்டைத் துண்டில் நம்பர் கிடைக்கும். வைத்தியர் பார்ப்பார், உள்ளேயே மருந்து கட்டிச் சிறு உறையில் 'காலை 1, இரவு 1' என்று எழுதிக் கொடுப்பார்கள். பார்த்ததற்கும் மருந்துக்கும் சேர்த்து ஒரே தொகை, கையில் காசு. பில் இல்லை. போகும்போது நம்பர் துண்டைத் திரும்ப வாங்கி நாளைக்கென்று அடுக்கி வைப்பார்கள். அந்த அடுக்கோடு அன்றைய கணக்கும் முடிந்துவிடுகிறது. 2020 பெப்ரவரியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல அந்த மட்டைகளுக்கு வாய் இல்லை.

வருமான வரிக்காரருக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று எழுதாமல் விட்டவர்களும் உண்டு, சோம்பலில் விட்டவர்களும் உண்டு. எப்படி விட்டாலும் விளைவு ஒன்றுதான். உதவி வரும் நாளில் 'எனக்கு இவ்வளவு நட்டம்' என்று சொல்ல ஆதாரம் இராது. உண்மையாகவே அடிபட்டவர் வெறுங்கையோடு நிற்க, கணக்காளர் வைத்திருக்கும் பெரிய தனியார் ஆஸ்பத்திரி பைலை நீட்டிவிட்டுப் போகும். நிவாரண விதிகள் யாரையும் பெயர் சொல்லி விலக்குவதில்லை. பில் போடாதவரை மட்டும் சத்தமில்லாமல் விலக்கிவிடுகின்றன.

அரச ஆஸ்பத்திரிப் பக்கம் கதை வேறு. அங்கே காசை விடப் பொருள்தான் அதிகம் வந்தது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், கோயில்கள், பள்ளிவாசல்கள், பழைய மாணவர் சங்கங்கள் எல்லாம் ஒட்சிசன் செறிவாக்கியும் விரலில் மாட்டும் ஒக்சிமீற்றரும் அனுப்பினார்கள். நல்ல மனதோடு அனுப்பியதையும் அப்படியே வார்டுக்குள் தள்ள முடியாது. 2015 இன் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்படி மருந்துக்கும் மருத்துவச் சாதனத்துக்கும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பதிவு வேண்டும். பதிவற்ற நன்கொடைக்கு விலக்களிப்பு அனுமதி எடுக்க வேண்டும். பிறகு இன்வென்டரிப் புத்தகத்தில் ஏற வேண்டும். அரச அலுவலகங்களில் கதிரையின் முதுகில் பெயின்ற்றால் எழுதியிருக்குமே, அதே போன்ற இலக்கம் இயந்திரத்துக்கும் வர வேண்டும். வருட முடிவில் பொருட்களைச் சரிபார்க்கும் 'போர்ட் ஒஃப் சேர்வே' குழு வந்து அந்த இலக்கத்தைத் தேடிப் பார்க்கும்.

சாவு வீட்டில் சாதகம் பார்ப்பது போலத் தோன்றும் இது. மூச்சுத் திணறுகிறவருக்கு முன்னால் இலக்கம் எதற்கு என்று கேட்கத்தான் தோன்றும். ஆனால் ஒரு வருடம் கழித்து அந்த இயந்திரம் பழுதாகும்போது, புத்தகத்தில் இல்லாத பொருளுக்கு உதிரிப்பாகம் வாங்க எந்த அதிகாரி கையொப்பம் வைப்பார்? மூலையில் தூசு படிந்து கிடக்கும். 2018 இன் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டத்துக்குப் பிறகு, அரச சொத்துக்கு ஏற்பட்ட இழப்பைப் பொறுப்பான அதிகாரியிடமே அறவிட வழியிருக்கிறது. ஆகவே பயம் வீணானதல்ல. ஆஸ்பத்திரிக்கு வந்த கையுறைப் பெட்டி மாலையில் டிஸ்பென்சரி மேசையில் இருக்கக் கூடாது என்பதும் இதே கதையில் சேர்ந்ததுதான். இரண்டு இடத்திலும் வேலை செய்கிறவருக்கு இரண்டு புத்தகம் வேண்டும்.

துறைமுக ஊர்க்காரருக்கு இதைப் புரியவைப்பது கடினமில்லை. சீனக்குடாவில் கோதுமைக் கப்பல் வந்து நிற்கும்போது எவ்வளவு இறங்கியது என்பதை இறங்கும்போதே அளந்து எழுதுவார்கள். கப்பல் போன பிறகு நினைவிலிருந்து எழுதினால் அது கணக்கில் சேராது.

வைத்தியரின் வெள்ளைத் தாள்களுக்கு நாங்கள் என்ன செய்தோம்? மருந்து விநியோகம் செய்தவர்களிடம் போய் அவர்களுடைய பிரதிகளைக் கேட்டோம். பாதிக்கு மேல் கிடைத்தன. வங்கிக் கூற்றில் காசோலை இலக்கங்களைப் பிடித்து இன்னும் சிலவற்றைப் பொருத்தினோம். கண்ணாடித் தடுப்பு போட்டவர் ஊரை விட்டே போய்விட்டார், அந்தத் தொகையை வைத்தியர் கைவிட்டார். இப்போது பில் வந்த அன்றே போன் கமராவில் ஒரு படம், போட்டோகொப்பி ஒன்று. டிஸ்பென்சரிக்குத் தனியாக நடைமுறைக் கணக்கும் திறந்திருக்கிறார்.

இன்னொன்றும் நடக்கிறது. நம்பர் கொடுக்கிற பிள்ளை இரவு கதவைச் சாத்துவதற்கு முன் மட்டைகளை அடுக்கும்போது கடைசி நம்பரை ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வைக்கிறாள். நான் போன அன்று 43 என்று இருந்தது. பக்கத்தில் சிறிய எழுத்தில், 'இரண்டு பேர் காசு பிறகு.'