சாபமும் செம்மண்ணும்: ஊர்க் கதையைக் குறும்படமாக்குவோம்

விழுப்புரம் மாவட்டம் இரும்பையில், திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேஸ்வரர் கோயில் உள்ளது. தவத்தில் இருந்த கடுவெளிச் சித்தரை மன்னனும் ஊராரும் ஏளனம் செய்தார்களாம். அவர் மனம் நொந்து பாட, லிங்கம் பிளந்தது. சுற்றியுள்ள நிலம் புல் பூண்டு முளைக்காமல் போகட்டும் என்று சபித்தார் என்பது இங்கு வழங்கும் கதை.

மண்ணியலும் இந்த நிலத்தின் வறட்சிக்குக் காரணம் சொல்கிறது. மரமும் புல்லும் போனதும் மழைத்துளி செம்மண்ணை நேரடியாக அடிக்கிறது. மேல்மண் இறுகி, நீர் உள்ளே இறங்காமல் ஓடுகிறது. ஓடும் நீர் வளமான மண்ணை அரித்து, பள்ளங்கள் வழியாக ஏரிக்கும் மரக்காணம் பக்கம் உள்ள கழுவெளிக்கும் கொண்டு போகிறது. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது இந்த மேடு பெரும்பாலும் பொட்டலாகவே இருந்தது. வரப்பு போட்டு, ஓடைகளில் தடுப்பணை கட்டி, மரம் நட்ட பிறகே பசுமை திரும்பியது. சுற்றுக் கிராம மக்களின் உழைப்பும் அதில் உண்டு.

பொட்டலாக இருந்த காலத்தை நேரில் கண்டவர்கள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் பேச்சை இப்போதே பதிவு செய்யுங்கள். உங்கள் ஊரிலும் ஏரிக்கோ, கோயில் காட்டுக்கோ இப்படி ஒரு கதை இருக்கும். கைபேசியே போதும், மூன்று நிமிடப் படம், ஒரே கேள்வி.

முதல் நிமிடம், பெரியவர் கதை சொல்லட்டும், இடையில் திருத்தாதீர்கள். காற்று இரைச்சல் இல்லாத திண்ணையில் உட்கார வைத்து, கைபேசியைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள்.

இரண்டாம் நிமிடம், சோதனை. மொட்டை நிலத்திலும் மரத்தடியிலும் ஒரே அளவு மண்கட்டி எடுத்து நிழலில் உலர்த்துங்கள். டீ வடிகட்டியில் வைத்து, கண்ணாடி டம்ளர் நீரில் மெல்ல இறக்குங்கள். மட்கு குறைந்த கட்டி பெரும்பாலும் விரைவில் கரைந்து நீரைக் கலக்கும். மட்கு உள்ளது அதிக நேரம் நிற்கும். கண்ட முடிவை அப்படியே காட்டுங்கள்.

மூன்றாம் நிமிடம், நிலத்தைக் காப்பாற்றிய வேலை: வரப்பு, மூடாக்கு, மரம்.

கதையைக் கேலி செய்தால் ஊர் படத்தைப் பார்க்காது. சோதனையை விட்டால் விவசாயிக்குப் பயன் இல்லை. முடிந்ததும் முதலில் கதை சொன்னவரிடம் காட்டிச் சம்மதம் பெறுங்கள். புரட்டாசிக்குள் ஊரில் திரையிட்டால், ஐப்பசி மழைக்கு முன் வரப்பைப் பலப்படுத்த நேரம் இருக்கும்.