பன்னிரண்டாம் வயது விழா: ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

லோயிஸ் லௌரி 1993இல் வெளியிட்ட ஆங்கிலப் புதினம் 'தி கிவர்'. 1994ஆம் ஆண்டின் நியூபெரி பதக்கம் பெற்ற இந்நூல் காட்டும் கற்பனைச் சமுதாயத்தில் தனியொருவருக்குப் பிறந்தநாள் இல்லை. ஓராண்டில் பிறந்தோர் அனைவரும் டிசம்பரில் ஒருங்கே அடுத்த வயதுக்கு ஏற்றப்படுகின்றனர். ஏழாம் வயதில் முன்புறம் பொத்தான் உள்ள மேற்சட்டை, ஒன்பதில் மிதிவண்டி, பன்னிரண்டில் வாழ்நாள் தொழில். அதன்பின் வயதை எவரும் எண்ணுவதில்லை.

இச்சமுதாயத்தில் வயதே மக்களுக்குப் பெயர். ஆங்கிலம் எண்ணுப்பெயரோடு பன்மை விகுதி சேர்த்து இதனை எளிதில் முடித்துவிடுகிறது. தமிழில் 'பன்னிருவர்' என்றால் பன்னிரண்டு பேர் என்பதே பொருள். ஐவர், நூற்றுவர் போல அவ்வீறு தலைகளையே எண்ணும். 'பன்னிரண்டு அகவையர்' பிழையற்றது. ஆனால் அது பண்பு கூறும் தொடரேயன்றிப் பெயராகாது. சிறுவர் வாயில் அது ஒட்டவும் ஒட்டாது. எஞ்சுவது 'பன்னிரண்டுகள்'. இங்கே திணைச்சிக்கல் எழுகிறது. 'பன்னிரண்டுகள் வந்தன' எனின், மூலத்தின் இலக்கணம் கூறாத கண்டனத்தைத் தமிழின் வினைமுற்றே கூறிவிடும். 'வந்தனர்' எனின் திணைவழு. எனினும் 'குழந்தை வந்தது' என்பது தமிழில் இயல்பான வழக்கு. எனவே இளவயதினர்க்கு அஃறிணை முடிபும், பன்னிரண்டாம் வயது விழாவுக்குப்பின் வழுவமைதியாக உயர்திணை முடிபும் தரலாம். மூலத்தில் இல்லாத ஒரு படிநிலை இதனால் நுழையும் என்பது உண்மை. ஆயினும் விழாவின் எடையை வாசகர் உணர இதனினும் எளிய வழி புலப்படவில்லை.

விழாவைச் 'சடங்கு' எனல் பொருந்தாது. தமிழகத்தின் பல பகுதிகளில் அச்சொல் தனித்து நின்றால் பெண்ணின் பூப்பு நீராட்டையே குறிக்கும். புதினத்திலோ பருவ வேட்கை தோன்றியதும் அன்றாட மாத்திரையால் அடக்கப்படுகிறது. உடலின் மாற்றத்தைக் கொண்டாடும் சொல்லை, அதனை ஒடுக்கும் சமுதாயத்தின் விழாவுக்கு இடுவது முரண். 'விழா' போதும்.

மிகக் கடினமான சொல், அச்சமுதாயத்தார் கொலைக்கு வழங்கும் 'விடுவித்தல்' என்னும் பொருளுடைய சொல். நன்னூல் கூறும் தகுதி வழக்கினுள் 'துஞ்சினார்' போன்ற மங்கல வழக்கு இதற்கு அண்மையது போலத் தோன்றும். ஆனால் மங்கலத்தில் கூறுவோரும் கேட்போரும் உண்மை அறிவர். இங்கே பெரும்பாலோர் அறியார். முதியோர்க்கு அது கொண்டாட்டம், குற்றவாளிக்குத் தண்டனை. இரண்டிற்கும் ஒரே சொல். 'விடுதலை' என்றால் அரசியல் ஒலி மிகும். 'வீடு' என்றால் சமயம் புகும். அலுவலகக் கடிதத்தில் வருவது போன்ற வறண்ட 'விடுவிப்பு' என்பதே ஏற்றது. கதைத்தலைவன் சோனாசு அதன் பொருளைக் கண்ணால் காணும்வரை, மொழிபெயர்ப்பாளரும் அச்சொல்லை ஓரிடத்திலும் மாற்றாதிருத்தல் வேண்டும்.