இரு கடல் நாட்டிலே எங்கள் வாழ்வும் உணவும்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர்)

அயல்நாட்டில் வாழ்ந்து திரும்பியவர்களைக் கண்டால் நம் ஊரில் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி, "அங்கே எவ்வளவு சம்பளம்?" என்பதே. இரண்டாவது கேள்வி, "அங்கே என்ன சாப்பிடுவீர்கள்?" என்பதாகும். முதல் கேள்விக்கு எங்கள் அப்பாதான் விடை சொல்ல வேண்டும். இரண்டாவது கேள்விக்கு எங்களுக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறோம்.

அப்பா, அம்மா, தம்பி எல்லோருமாக 2014 முதல் 2023 வரை ஒன்பது ஆண்டுகள் பஹ்ரைன் நாட்டில் வாழ்ந்தோம். தூத்துக்குடியிலிருந்து திருவனந்தபுரம் சென்று, அங்கிருந்து ஏறத்தாழ நான்கரை மணி நேரம் விமானத்தில் பறந்தால் அந்தச் சிறிய தீவு நாடு வந்துவிடும்.

இரண்டு கடல்கள்

அரபு மொழியில் 'பஹ்ர்' என்றால் கடல். 'பஹ்ரைன்' என்றால் இரு கடல்கள். ஒன்று தீவைச் சூழ்ந்த உப்புக் கடல். மற்றொன்று அதன் அடியிலிருந்து ஊற்றெடுத்த நல்ல தண்ணீர் என்று அங்குள்ள பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். முற்காலத்தில் ஆட்கள் தோல் பையுடன் கடலுக்குள் மூழ்கி, ஊற்றின் வாயில் பையைப் பிடித்துக் குடிநீர் நிரப்பி வருவார்களாம். இன்று அந்த ஊற்றுகள் பெரும்பாலும் வற்றிவிட்டன. கடல் நீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுத்துத்தான் குழாயில் விடுகிறார்கள்.

அந்நாட்டுக்கும் நம் தூத்துக்குடிக்கும் ஓர் உறவு உண்டு. அதுதான் முத்து. இடுப்பில் கயிறு கட்டி, காலில் கல் கட்டி, மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுக்கும் தொழில் இரண்டு ஊரிலும் இருந்தது. ஜப்பானில் செயற்கையாக வளர்த்த முத்துகள் சந்தைக்கு வந்ததும் பஹ்ரைனின் முத்துத் தொழில் சரிந்தது. அச்சமயத்தில், 1932-ஆம் ஆண்டில், அங்கே எண்ணெய் கிடைத்தது. அரபு வளைகுடாக் கரையில் முதன்முதலில் எண்ணெய் கிடைத்த நாடு அதுவே. முஹர்ரக் நகரிலுள்ள பழைய முத்து வணிகர் வீடுகளை 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே நாங்கள் சுற்றிப் பார்க்கச் சென்றபோது, மூக்கை அடைக்கும் கிடுக்கியையும் கனத்த கல்லையும் பார்த்த அப்பா, "எங்கள் தாத்தா வீட்டில் இருந்த கல் மாதிரியே இருக்கிறது" என்று வெகு நேரம் அதன் முன்னே நின்றுவிட்டார்.

வெயிலும் விடுமுறையும்

தலைநகரான மனாமாவில் குதைபியா என்ற பகுதியில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எங்கள் வீடு இருந்தது. இரண்டே அறைகள். சன்னல் இருந்தும் திறக்க மாட்டோம். கோடையில் வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டும். கடற்காற்றின் ஈரமும் சேர்ந்துகொண்டால் மூக்குக் கண்ணாடி வாசலுக்கு வெளியே வந்தவுடன் பனி படிந்ததுபோல் மங்கிவிடும். நடுப்பகலில் வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாதென்று கோடை மாதங்களில் அரசே தடை விதித்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். கோடையில் மொட்டைமாடித் தொட்டி நீர் கொதிக்கும். ஆகவே குளியலறைச் சுடுநீர்க் கொப்பரையின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, முதல் நாளே அதில் நீரை நிரப்பி வைப்போம். வீட்டுக்குள் இருப்பதால் அது ஆறியிருக்கும். சுடுநீர்க் குழாயில் குளிர்ந்த நீரும், குளிர்நீர்க் குழாயில் சுடுநீரும் வரும் விந்தையை அங்கேதான் கண்டோம்!

அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. ஆகவே நாங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமையே திருப்பலிக்குச் செல்வோம். மனாமாவிலுள்ள திரு இருதய ஆலயம், அரசர் கொடுத்த நிலத்தில் 1939-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. தமிழரும் மலையாளிகளும் கோவாக்காரரும் பிலிப்பினோக்களும் ஒரே முற்றத்தில் தத்தம் மொழித் திருப்பலிக்குக் காத்து நிற்பார்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 நவம்பரில் அந்நாட்டுக்கு வந்து விளையாட்டரங்கில் திருப்பலி நிறைவேற்றியபோது, விடியுமுன் எழுந்து புளியோதரைப் பொட்டலத்துடன் போய் அமர்ந்த முப்பதாயிரம் பேரில் நாங்களும் இருந்தோம்.

காலை உணவு

இனி உணவுக்கு வருவோம். பஹ்ரைன் மக்கள் சோற்றுக்கு அடுத்தபடியாக விரும்புவது 'குப்ஸ்' என்னும் ரொட்டி. தெருவுக்குத் தெரு ரொட்டிக் கடை உண்டு. கடைக்காரர் மாவு உருண்டையைத் தட்டி, ஒரு திண்டில் விரித்து, தணல் அடுப்பின் உட்சுவரில் 'பட்'டென்று அறைவார். ஒரு நிமிடத்தில் அது உப்பி, புள்ளி புள்ளியாகச் சிவந்து வரும். தாளில் சுற்றிக் கொடுப்பார். வீட்டுக்கு வருமுன் ஒன்றை நாங்களும் தம்பியும் பிய்த்துத் தின்றுவிடுவோம். அம்மா எண்ணிப் பார்த்துக் கேட்டால், "கடைக்காரர் குறைத்துக் கொடுத்துவிட்டார்" என்பான் தம்பி.

ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள அவித்த கொண்டைக்கடலை, தக்காளி போட்டுக் கிளறிய முட்டை, மொச்சை ஆகியவை உண்டு. 'மஹ்யாவா' என்று ஒன்று இருக்கிறது. சிறு மீன்களை உப்பும் மசாலாப் பொடிகளும் சேர்த்து நாள்கணக்கில் ஊற வைத்து எடுக்கும் சாறு அது. முதல் நாள் அதன் வாடை பட்டதும் நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டோம். அம்மாவோ, "கருவாட்டுக் குழம்பு வைக்கும் ஊரிலே பிறந்துவிட்டு இது என்ன பாசாங்கு?" என்று கேட்டார். அன்று முதல் நாங்கள் மஹ்யாவாவின் கட்சி!

எங்களுக்கு மிகவும் வியப்பளித்தது 'பலாலீத்'. அது வேறொன்றுமில்லை, சேமியா! சேமியாவைச் சர்க்கரை, ஏலக்காய், குங்குமப்பூ, பன்னீர் சேர்த்து இனிப்பாகச் சமைத்து, அதன் மேலே உப்புப் போட்ட முட்டைத் தோசையை மூடி வைத்துத் தருவார்கள். பாயசத்தின் மேலே ஆம்லெட்டா என்று சிரித்தோம். உண்டு பார்த்த பின் சிரிக்கவில்லை.

மச்பூஸ் செய்யும் முறை

பஹ்ரைனின் தேசிய உணவு என்றே 'மச்பூஸ்' என்னும் சோற்றைச் சொல்லலாம். நம் பிரியாணிக்கு அது ஒன்றுவிட்ட சகோதரி. வெங்காயத்தை நன்கு சிவக்க வதக்கி, மஞ்சள், மிளகு, சீரகம், பட்டை, கிராம்பு கலந்த பொடி, தக்காளி, பச்சை மிளகாய் ஆகியவற்றைச் சேர்த்து, அதில் கோழியை இட்டுத் தண்ணீர் ஊற்றி வேக வைக்க வேண்டும். கோழி வெந்ததும் அதை எடுத்துத் தனியே அனலில் வாட்டி, அதே சாற்றில் பாசுமதி அரிசியைப் போட்டு வடிக்காமல் வேக விட வேண்டும். இறுதியில் பன்னீர் தெளித்து, கோழியைச் சோற்றின் மேல் அடுக்குவார்கள்.

இதற்குத் தனி மணம் தருவது 'லூமி'. எலுமிச்சையை உப்பு நீரில் கொதிக்க வைத்து, கல் போல இறுகும்வரை வெயிலில் காய வைப்பார்கள். அதில் இரண்டு துளையிட்டுச் சாற்றில் போட்டால் புளிப்பும் ஒரு சிறு கசப்பும் இறங்கும். நம் வீட்டு உப்பு நார்த்தங்காயை நினைவூட்டும் சுவை அது.

மீன் விஷயத்தில் எங்களுக்கு அங்கே குறையே இல்லை. அவர்கள் 'ஹமூர்' என்பது நம் களவா. 'ஸாஃபி' என்பது நம் ஓரா. 'கனஅத்' என்பது நம் சீலா. மனாமா மீன் சந்தையில் அப்பா தமிழ்ப் பெயர் சொல்லியே மீன் வாங்குவார், ஏனெனில் விற்பவர்களில் நம் கடற்கரை ஆட்களும் இருந்தார்கள்.

மாலையில் 'கரக்' தேநீர். நன்கு கொதித்த தேயிலையில் டப்பாப் பாலும் ஏலக்காயும் சேர்ந்தது. 'கடக்' என்ற இந்திச் சொல்லே அங்கே போய்க் 'கரக்' ஆனது. மளிகைக் கடைக்கு அங்கே 'கோல்ட் ஸ்டோர்' என்று பெயர். வாசலில் காரை நிறுத்தி ஒலி எழுப்பினால் கடைக்காரரே ஓடி வந்து கேட்டதைக் கொடுப்பார். எங்கள் தெருக் கடைச் சேட்டன், மாதக் கடைசியில் எங்கள் கணக்கை ஒரு நீல நோட்டில் எழுதிக்கொள்வார். அயல்நாட்டில் எல்லோரும் செல்வந்தர் என்று எண்ணுவோருக்கு அந்த நோட்டைக் காட்ட வேண்டும்.

திரும்பாத தட்டு

எங்கள் கட்டடத்துக்கு எதிரே ஒரு பழைய வீடு. அதில் ஒரு அரபு அம்மையார் இருந்தார். அவரை நாங்கள் 'காலா' என்று அழைப்போம். சின்னம்மா, பெரியம்மா என்பது போல அன்பாக அழைக்கும் முறை அது. ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன், வீட்டில் சமைத்ததை ஒரு தட்டில் இட்டு அக்கம்பக்கத்துக்கு அனுப்புவது அந்நாட்டு வழக்கம். அண்டை வீட்டார் எந்த மதம் என்று பார்ப்பதில்லை. காலா எங்களுக்கு 'ஹரீஸ்' அனுப்புவார். கோதுமையும் இறைச்சியும் பல மணி நேரம் வெந்து, கடைந்து, மேலே நெய் விட்ட களி அது. இன்னொரு நாள் 'லுகைமாத்' வரும். 'லுக்மா' என்றால் ஒரு வாய் உணவு. பொரித்த சிறு மாவு உருண்டைகளைப் பேரீச்சம் பாகில் புரட்டித் தருவார்கள்.

வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதும் வழக்கம். ஆகவே அம்மா அதிரசமோ, தேங்காய்ப்பாலுடன் இடியாப்பமோ வைத்து அனுப்புவார். ஊரிலிருந்து வந்த தூத்துக்குடி மக்ரூனை ஒருமுறை வைத்து அனுப்பினோம். இதை எப்படிச் செய்வது என்று கேட்டுக் காலா நேரிலேயே வந்துவிட்டார்!

2020-ஆம் ஆண்டு மே மாதம், ரமலான் நாட்களில், எங்கள் தாத்தா தூத்துக்குடியில் காலமானார். கொரோனாவினால் வழக்கமான விமானங்கள் நின்றிருந்தன. சிறப்பு விமானத்தில் இடம் கேட்டு அப்பா எங்கெங்கோ அலைந்தும் கிடைக்கவில்லை. தாத்தாவை அடக்கம் செய்வதைக் கைபேசியில் பார்த்தோம். படம் நடுநடுவே நின்று நின்று வந்தது. ஆலயத்துக்குப் போய் ஜெபிக்கலாம் என்றால் ஆலயமும் மூடியிருந்தது. அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

மாலை பாங்கு ஒலிக்குமுன் கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஒருவரும் இல்லை. வாசற்படியில் நீலக்கரை போட்ட தட்டில் ஹரீஸ் மூடி வைக்கப்பட்டிருந்தது. படிக்கட்டின் கீழே, முகக்கவசம் அணிந்து, தூரத்தில் நின்றுகொண்டு காலா நெஞ்சில் கை வைத்துத் தலை தாழ்த்தினார். யார் சொல்லித் தெரிந்துகொண்டாரோ! அப்பா அதுவரை அழவில்லை. அந்தத் தட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் அழுதார்.

அந்தத் தட்டில் திருப்பி வைக்க எங்களிடம் அன்று ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து அம்மா அதிரசம் சுட்டு அனுப்பினார். காலா அதிரசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தட்டை எங்களிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்தோம்

அங்கே குடும்பத்தை அழைத்து வைத்துக்கொள்ள, குறிப்பிட்ட அளவு சம்பளம் வேண்டும். வேலை இருக்கும்வரைதான் விசா. எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அது நம் ஊராகாது. 2023-இல் அப்பா வேலை பார்த்த நிறுவனம் வீட்டு வாடகைப் படியை நிறுத்திவிட்டது. ஆகவே அம்மாவும் நாங்களும் திரும்பி வந்தோம். அப்பா அங்கேயே, ஓர் அறையில் ஐந்து பேருடன் தங்கி, முறை வைத்துச் சமைத்து உண்கிறார். அவருடைய முறை வெள்ளிக்கிழமை. "இன்று மச்பூஸ் வைத்தேன், லூமி கூடிவிட்டது, கசக்கிறது" என்று பேசுவார். அம்மா சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

எங்கள் தெருவில் இப்போது ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பம் குடியிருக்கிறது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. தெருப் பிள்ளைகள் அவர்களை 'இந்திக்காரர்கள்' என்று கேலி செய்வார்கள். சென்ற கிறிஸ்துமஸ் அன்று அம்மா, நீலக்கரைத் தட்டில் முறுக்கும் கேக்கும் வைத்து எங்கள் கையில் கொடுத்து, "போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்" என்றார். போகக் கூச்சமாக இருந்தது, போனோம்.

தட்டு மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் அந்த வீட்டுச் சிறுமி கொண்டு வந்தாள். அதில் அரிசி மாவும் வெல்லமும் தேங்காயும் சேர்த்துச் சுட்ட ஒரு பலகாரம் இருந்தது. அதன் பெயரை அவள் சொன்னாள், எங்களுக்குப் புரியவில்லை. சுவை புரிந்தது.